என் எல் 200உம் ஹெட் கஸ்கட்டும்

எங்கட மட்டக்களப்புப் பக்கத்தில் ஒருவருடைய கெப் (பிக்கப்) ரேடியேட்டர்த் தண்ணியைக் குடிக்கத் தொடங்கினால் அவர் முதலில் கேட்பது, "கஸ்கட் என்ன விலை?" கஸ்கட்டின் விலை பெரிதில்லை. அதை உள்ளே வைப்பதற்காக எஞ்சினின் மேல் பாதியைக் கழற்றித் திரும்பப் பூட்ட வேண்டும், காசும் நாளும் அதற்குத்தான் போகிறது. அப்படிச் செலவழித்த சூடு ஆறுமுன்னே அதே கஸ்கட் திரும்பப் போய், கெப்பைக் கயிறு கட்டி இழுத்து வந்தவர்களைக் களுவாஞ்சிகுடியிலும் பார்த்திருக்கிறேன், அக்கரைப்பற்றிலும் பார்த்திருக்கிறேன். கஸ்கட் தன்பாட்டில் சாவது குறைவு. பெரும்பாலும் வேறு ஏதோ ஒன்று அதைக் கொல்கிறது. அது எது என்று தேடாமல் புதியதைப் போட்டால் அந்தப் புதியதும் அதே வழியில்தான் போகும்.

என்னுடையது மிட்சுபிஷி எல் 200. டேர்போ இல்லாத 4டி56 டீசல் எஞ்சின், 2477 சீசீ, நாலு சிலிண்டர். சிலிண்டர்கள் இருக்கும் கீழ்ப்பகுதியான புளொக் வார்ப்பிரும்பு, அதை மேலே மூடும் ஹெட் அலுமினியம். அறுவடைக் காலத்தில் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வெல்லாவெளி, மண்டூர்ப் பக்கத்து வயல்களில் நெல் ஏற்றிப் பட்டிருப்புப் பாலத்தால் இந்தக் கரைக்குக் கொண்டுவருவேன். மற்றக் காலத்தில் பதுளைக்குப் போய் மரக்கறி ஏற்றுவேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய கெப்புகளின் விலை எப்படி ஏறியது என்று எல்லாருக்கும் தெரியும். 2025இல் திரும்பத் திறந்த பிறகும் புதுக் கெப் ஒன்றின் விலையைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து பழையதற்கு ஒயில் மாற்றுகிறவர்கள்தான் எங்கள் ஊரில் அதிகம். இந்த எஞ்சினை இன்னும் பல வருடம் ஓட வைக்க வேண்டிய தேவை எனக்கு இருக்கிறது. இதன் கஸ்கட் போனபோது அந்த வேலையை ஒரு கராஜில் விட்டுவிட்டு வராமல், செட்டிபாளையத்தில் இருக்கும் ஒரு மூத்த பாஸோடு (மெக்கானிக்) சேர்ந்து என் வீட்டு மாமரத்தடியில் செய்தது அதனால்தான். அவர் முப்பது வருடத்துக்கு மேலாக டீசல் எஞ்சின்களோடு வாழ்கிறவர். நான் அவரை மாமா என்பேன்.

முதலில், ஹெட்டுக்கும் புளொக்குக்கும் நடுவில் இருக்கும் இந்தக் கஸ்கட் தகடு என்ன பாடுபடுகிறது என்று சொல்லிவிடுகிறேன்.

கஸ்கட்டின் தடிப்பு ஒரு மில்லிமீட்டர் சொச்சம். அதில் மூன்று விதமான துளைகள்: சிலிண்டர்களுக்கு, தண்ணிக்கு, ஒயிலுக்கு. மூன்றும் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. சிலிண்டர் துளைகளைச் சுற்றி ஓர் உலோக வளையம் இருக்கும், நெருப்பைத் தடுப்பது அதுதான். இரண்டு சிலிண்டருக்கு நடுவில் அந்தச் சுவர் சுண்டுவிரல் அகலம்கூட இருக்காது.

டீசலில் பற்றவைக்கப் பொறி இல்லை. காற்றை 21 மடங்கு அமுக்கி, அந்தச் சூட்டிலேயே டீசல் பற்றுகிறது. என் எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 91.1 மில்லிமீட்டர், அப்படியென்றால் பரப்பு சுமார் 65 சதுர சென்றிமீட்டர். எரியும் நேரத்து அழுத்தத்தை 70 பார் என்று வைத்துக் கணக்குப் பார்த்தால், ஒரு சிலிண்டர் ஹெட்டை மேலே தூக்கப் பார்க்கிற விசை நாலரைத் தொன்னைத் தாண்டுகிறது. என் கெப்பில் நான் ஏற்றும் நெல் ஒரு தொன்தான். எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்று ஓடினால் ஒவ்வொரு சிலிண்டரும் நிமிடத்துக்கு 1000 தடவை இப்படி இடிக்கிறது. இதையெல்லாம் ஹெட் போல்ட்டுகளின் இறுக்கத்தை நம்பி அந்த மெல்லிய தகடு தாங்குகிறது.

இதோடு இன்னொன்றும் இருக்கிறது. அலுமினியம் சூட்டில் இரும்பைப் போல இரண்டு மடங்கு விரியும். அரை மீட்டர் நீளமான ஹெட் 30 பாகையில் இருந்து 100 பாகைக்குப் போகும்போது, தடையில்லாமல் விட்டால் 0.8 மில்லிமீட்டர் நீளும். கீழே இருக்கும் இரும்பு அதில் பாதிதான் நீளும். ஒவ்வொரு தடவை சூடாகி ஆறும்போதும் ஹெட் கஸ்கட்டின் மேல் உரசி நகர்கிறது. இவ்வளவையும் கணக்கில் எடுத்துத்தான் செய்திருக்கிறார்கள், அதனால் சாதாரணச் சூட்டில் லட்சக்கணக்கான கிலோமீட்டர் தாங்கும். சூடு எல்லை மீறினால் ஹெட் நடுவில் வளையும், இறுக்கம் அந்த இடத்தில் விடும், நெருப்பு அதற்குள்ளால் வழி தேடும்.

எங்கள் மாவட்டத்தில் கெப் ஓட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எங்கட நிலம் சமம். களுவாஞ்சிகுடியில் இருந்து வாழைச்சேனை வரை போனாலும், தெற்கே பொத்துவில் வரை போனாலும் ஓர் ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ரேடியேட்டர் பாதி அடைபட்டிருந்தாலும் இந்த ரோட்டில் அது தெரியாது, மீட்டர் முள் ஒழுங்காகவே நிற்கும். செங்கலடியில் திரும்பி மகாஓயா தாண்டி, பிபிலைக்கு அப்பால் லுணுகலை ஏற்றத்தில் லோட்டோடு இரண்டாம் கியரில் ஏறும்போதுதான் குட்டு உடையும். அங்கே எஞ்சின் முழு மூச்சில் வேலை செய்கிறது, வாகனம் மெதுவாகப் போவதால் முன்னால் இருந்து காற்றும் வராது. ஆடி மாதத்துக் கச்சான் காற்றில் இங்கேயே கெப்பின் முன்பக்கம் அடுப்படிச் சூட்டில் இருக்கும், மலை ஏறப் போனால் கேட்கவும் வேண்டாம்.

எனக்கும் அங்கேதான் முள் பாதியைத் தாண்டியது. உடனே ஓரம் கட்டிவிட்டேன். முள் ஏறினால் "அடுத்த கடை வரைக்கும் போவம்" என்று ஓடவே கூடாது. அந்த ஒரு கிலோமீட்டரில்தான் ஹெட் வளைகிறது. இன்னொரு பயங்கரமும் இருக்கிறது: தண்ணி முழுக்கப் போய்விட்டால் சென்சரைத் தொட நீர் இராது, அதனால் முள் திடீரென்று கீழே இறங்கும். ஓட்டுகிறவர் சூடு குறைந்துவிட்டது என்று நினைத்து அக்சிலரேட்டரை அமத்துவார். ஏறிய முள் காரணமில்லாமல் இறங்கினால் அதுதான் ஆக மோசமான செய்தி. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவும் வேண்டாம். 0.9 பார் மூடி, தண்ணி 118 பாகை வரை கொதிக்காமல் அடக்கி வைத்திருக்கும். திறந்த கணமே அது முழுதும் ஒரேயடியாகக் கொதித்து முகத்தில் அடிக்கும். கைக்குக் கிடைத்த ஆற்றுத் தண்ணியைச் சுட்ட எஞ்சினுக்கு ஊற்றினால் ஹெட் வெடிக்கும். ஆறட்டும் என்று இருப்பதைத் தவிர அங்கே செய்ய ஒன்றும் இல்லை.

ஊருக்கு வந்த பிறகு அறிகுறிகளைப் பார்த்தோம். ரிசேர்வ் போத்தலில் தண்ணி குறைகிறது, கீழே ஒரு சொட்டு ஈரம் இல்லை. விடியற்காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் சில நொடிகள் ஒரு சிலிண்டர் தட்டித் தடுமாறி ஓடுகிறது, பின்னால் வெள்ளைப் புகை. எல்லாவற்றிலும் நிச்சயமானது மேல் ஹோஸ். இரவு முழுக்க ஆறிக் கிடந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி ஓரிரு நிமிடத்தில் அதைப் பிடித்துப் பாருங்கள். தண்ணி இன்னும் குளிராக இருக்கும்போதே ஹோஸ் கல்லாக இறுகினால், அந்த அழுத்தம் சூட்டால் வந்ததில்லை. சிலிண்டரில் இருந்து வருகிறது.

"ஒயில் நல்லாத்தானே இருக்கு, மறுகா எப்பிடிக் கஸ்கட் போகும்?" என்று வந்து பார்த்த பலரும் கேட்டார்கள். ஒயில் பால்தேத்தண்ணி நிறத்துக்கு வந்தால்தான் கஸ்கட் போனதாக நிறையப் பேர் நம்புகிறார்கள். எந்த இடத்தில் உடைந்தது என்பதைப் பொறுத்த விசயம் அது. ஒயில் துளைக்கும் தண்ணித் துளைக்கும் நடுவில் உடைந்தால்தான் கலக்கும். சிலிண்டருக்கும் தண்ணித் துளைக்கும் நடுவில் உடைந்தால் ஒயில் கண்ணாடியாகவே இருக்கும், ரேடியேட்டருக்குள் புகை போகும், எஞ்சினை நிறுத்திய பிறகு தண்ணி சிலிண்டருக்குள் வரும்.

உறுதிப்படுத்த நீல நிறத் திரவம் வைத்த ஒரு சோதனைக் குழாய் இருக்கிறது. ரேடியேட்டர் வாயில் வைத்து அங்கிருக்கும் காற்றை அதற்குள்ளால் இழுப்பது. எரிந்த வாயுவில் உள்ள காபனீரொட்சைட் பட்டால் நீலம் மஞ்சளாகும். டீசலுக்கு நிறம் மெதுவாகத்தான் மாறும், எஞ்சினைக் கொஞ்சம் றேஸ் பண்ணிப் பிடித்திருக்க வேண்டும். எங்களுடையது பச்சையாகி, பிறகு மஞ்சளானது. மாமா, "இனி யோசிக்க ஒண்டும் இல்ல மகன், திறப்பம்" என்றார்.

கழற்றுகிற வேலையை ஒவ்வொரு நட்டாக எழுதப் போவதில்லை, உங்கள் எஞ்சினுக்கான கைநூல் அதைச் செய்யும். கைநூலில் இல்லாத சிலவற்றை மட்டும் சொல்கிறேன். சைலன்சர் மெனிபோல்ட் ஸ்டட்டுகள் கடற்கரை ஊர் வாகனங்களில் துருவேறி ஒட்டிப்போயிருக்கும். முதல் நாளே துரு இளக்கும் ஒயில் அடித்து ஊற விடுங்கள், பலவந்தம் பண்ணி முறித்தால் அதைத் துளைத்து எடுக்கவே ஒரு நாள் போகும். டீசலைப் பீய்ச்சும் நொசில்களின் பைப்புகளைக் கழற்றிய உடனேயே இரண்டு வாயையும் சுத்தமான பிளாஸ்டிக்கால் மூடிக் கட்டுங்கள். மரத்தடியில் விழும் ஒரு மணல் பொடி பம்ப்பையும் நொசிலையும் தின்றுவிடும். கூலண்ட் வடித்த பாத்திரத்தை நாய், பூனை எட்டாத இடத்தில் வையுங்கள். அது இனிக்கும், குடித்த பிராணி பிழைக்காது.

வால்வுகளைப் பிஸ்டன்களோடு நேரம் பொருந்த ஓட்டும் டைமிங் பெல்ட்டைக் கட்டி வைத்துவிட்டு அதன் மேல் சக்கரத்தை மட்டும் கழற்றும் ஒரு வழி உண்டு. நாங்கள் பெல்ட்டையே மாற்றினோம். இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதும், றொக்கர் முறியும். உள்ளே அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் தண்டை ஓட்டும் இன்னொரு சின்னப் பெல்ட் இருக்கிறது. அதை எல்லாரும் மறந்துவிடுவார்கள். அது அறுந்து பெரிய பெல்ட்டுக்குள் சிக்கினாலும் கதை அதேதான். இவ்வளவு தூரம் திறந்த பிறகு இரண்டையும் புதிதாகப் போடாமல் மூடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஹெட் போல்ட்டுகளை வெளி ஓரத்தில் இருந்து நடு நோக்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் பல சுற்றில் இளக்க வேண்டும். ஒரு பக்கத்தை ஒரேயடியாக விட்டால் மறுபக்க இறுக்கமே ஹெட்டை வளைத்துவிடும். அதோடு, எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பிறகு இரண்டு பேர் பிடித்து நேராகத் தூக்கிப் பலகைக் கட்டைகளின் மேல் வைத்தோம்.

திறந்த எஞ்சினைத் துடைக்க அவசரப்படக் கூடாது. மாமா துணியை என் கையில் இருந்து வாங்கி வைத்துவிட்டு, "முதல்ல பாருகா" என்றார். நாலு பிஸ்டனில் மூன்றின் தலையில் தடித்த கரி. மூன்றாவதின் தலை மட்டும் ஒரு பக்கம் வெறும் அலுமினியமாக மின்னியது. எரியும் சிலிண்டருக்குள் தண்ணி வந்தால் அது நீராவியாகி அந்த இடத்துக் கரியைக் கழுவி எடுத்துவிடும். அந்த மின்னலுக்கு நேரே கஸ்கட்டைத் திருப்பிப் பார்த்தோம். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில், மூன்றாவதின் வளையம் கறுத்து, ஓரிடத்தில் மயிரிழை அளவுக்குப் பிளந்திருந்தது. அங்கிருந்து ஒரு கரிய கோடு தண்ணித் துளை வரை போயிருந்தது. நெருப்பு நடந்த வழி அது. அந்தத் துளையின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு படிவு. நகத்தால் சுரண்டினால் சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது.

அந்த வெள்ளைப் படிவைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன்.

இந்தக் கெப்பை எனக்கு விற்றவர் ரேடியேட்டருக்குக் கிணற்றுத் தண்ணிதான் ஊற்றி வந்திருக்கிறார். கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருக்கிற எங்கள் ஊர்களில் கிணற்றுத் தண்ணி எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சில வளவில் நல்ல தண்ணி, அடுத்த வளவில் உவர். நல்ல தண்ணி என்று நாங்கள் குடிக்கிறதிலும் சுண்ணாம்பு இருக்கும். சூடாக ஆக அது குழாய்ச் சுவரில் படியும். உப்பு அலுமினியத்தை அரிக்கும். சூட்டுக்கு ஏற்பத் தண்ணி வழியைத் திறந்து மூடும் தேர்மோஸ்டட் வால்வு இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அதைக் கழற்றி எறிந்தால் எஞ்சின் குளிரும் என்பது எங்கள் பக்கம் முழுக்கப் பரவிய நம்பிக்கை. பல எஞ்சின்களில் தேர்மோஸ்டட் திறக்கும்போது ரேடியேட்டரைச் சுற்றிப் போகும் குறுக்கு வழியை மூடவும் செய்யும். அது இல்லாவிட்டால் தண்ணியில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே எஞ்சினுக்குள் சுற்றும். சமநிலத்தில் எஞ்சின் குளிராகவே ஓடித் தேயும், ஏற்றத்தில் கொதிக்கும். ஒரு சின்ன வால்வுக்கு இவ்வளவு அநியாயம் நடப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

ரேடியேட்டரைக் கழற்றித் திருத்துகிறவரிடம் கொண்டுபோனேன். செம்புக் குழாய் ரேடியேட்டர், அதனால் மேல் தொட்டியை ஈயம் உருக்கித் திறக்க முடிந்தது. உள்ளே குழாய் வாய்கள் வரிசையாக இருந்தன. பாதிக்குக் கிட்ட வெள்ளை அடைப்பு, மெல்லிய கம்பி நுனிகூட நுழையவில்லை. வெளிப்பக்கம் அதைவிட மோசம். அறுவடைக் காலத்தில் வயலுக்குள் நின்று நெல் ஏற்றும்போது சுணை பறக்கும் அல்லவா? உடம்பில் பட்டால் அரிக்கும் அதே சுணைதான். ஃபேன் அதை இழுத்து ரேடியேட்டரின் தகடுகளுக்குள் செருகும், ஒயில் கசிவின் ஈரம் அதை ஒட்ட வைக்கும், அடுத்த போகத்தின் சுணை அதன் மேல் படியும். முன்னால் இருந்து பார்த்தால் தகடுகள் சுத்தமாகத் தெரிந்தன. எஞ்சின் பக்கத்தில் இருந்து விளக்குப் பிடித்தபோது வெளிச்சம் மறுபக்கம் வரவில்லை. திருத்துகிறவர் நீளத் தகட்டுக் கம்பியால் ஒவ்வொரு குழாயாகக் குத்தி எடுத்தார். பொறுமையான வேலை, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தகடுகளுக்கு உள்ளிருந்து வெளியே, மெல்லிய தண்ணி அழுத்தத்தில் கழுவினோம். அழுத்தம் கூடினால் தகடு மடங்கி நிரந்தரமாக அடைத்துவிடும். ஃபேனின் பிசுக்குக் கிளச்சையும் பார்த்தோம். எஞ்சின் சூட்டில் அது இறுக வேண்டும், எங்களுடையது சூட்டிலும் விரலால் சுழன்றது. அதையும் மாற்றினோம்.

இதற்கிடையில் ஹெட் கல்முனையில் ஒரு லேத்தில் இருந்தது. கொண்டுபோவதற்கு முன் வீட்டிலேயே அளந்துவிட்டோம். நேர்விளிம்புக் கோலை நீளவாக்கில், அகலவாக்கில், இரண்டு மூலைவிட்டமாக வைத்து அடியில் ஃபீலர் தகட்டைச் செருகிப் பார்ப்பது. நடுவில் 0.10 இலகுவாகப் போனது, 0.15 இறுக்கத்தோடு போனது. இந்த எஞ்சினுக்குச் சொல்லப்பட்ட எல்லை 0.2 மில்லிமீட்டர். அப்படியே பூட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். சூடு பட்ட ஹெட்டை அப்படிப் பூட்ட எனக்கு மனமில்லை. ஆனால் லேத்தில் "கொஞ்சம் கூடவே எடுத்துவிடுவம்" என்பதற்கும் தலையாட்டக் கூடாது. டீசல் ஹெட்டில் அதிகம் சீவினால் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளி குறையும். மட்டமாகும் அளவுக்கு மட்டும்.

சீவுவதற்கு முன்னால் வெடிப்புச் சோதனை. இதைக் கேட்டு வாங்குங்கள், தாமாகச் செய்யாத இடங்கள் இருக்கின்றன. ஹெட்டின் தண்ணித் துளைகளை இறப்பரும் தகடும் வைத்து மூடி, உள்ளே காற்றழுத்தம் கொடுத்து, சுடுதண்ணித் தொட்டியில் அமிழ்த்துவார்கள். குமிழி வந்தால் வெடிப்பு. சூடான அலுமினிய ஹெட்டுகள் இரண்டு வால்வு இருக்கைகளுக்கு நடுவில் வெடிப்பது வழமை, அதன் அறிகுறிகள் கஸ்கட் போன அறிகுறிகளேதான். வெடித்த ஹெட்டுக்குக் கீழே எவ்வளவு நல்ல கஸ்கட் வைத்தும் பலனில்லை. எங்கள் ஹெட்டில் குமிழி வரவில்லை. லுணுகலையில் நேரத்தோடு நிறுத்தியதற்குக் கிடைத்த பலன் அது என்று மாமா சொன்னார், நானும் அதைத்தான் நம்புகிறேன்.

கஸ்கட் செட்டைக் கொழும்புப் பஞ்சிகாவத்தையில் மச்சான் வாங்கி இரவு பஸ்ஸில் போட்டுவிட்டார். பழைய கஸ்கட்டின் கரையில் இருந்த அடையாளத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தேன். பல டீசல் எஞ்சின்களுக்கு ஒரே கஸ்கட் இரண்டு மூன்று தடிப்பில் வரும். பிஸ்டன் புளொக் மட்டத்துக்கு மேலே எவ்வளவு வருகிறது என்று டயல் கேஜால் அளந்து அதற்கேற்பத் தெரிவு செய்ய வேண்டும். டொயோட்டா 2எல், 3எல் எஞ்சின்களில் பி, டி, எஃப் என்று எழுத்துப் போட்டிருப்பார்கள். மெல்லியதைப் போட்டால் பிஸ்டன் இடிக்கலாம், தடித்ததைப் போட்டால் அமுக்கம் குறைந்து காலையில் ஸ்டார்ட் எடுக்காது. "எல்லாம் ஒண்டுதான்" என்று சொல்லும் கடைக்காரரிடம் வாங்க வேண்டாம்.

புளொக்கின் முகத்தைப் பிளாஸ்டிக் சுரண்டியாலும் பழைய பிளேடாலும்தான் சுத்தம் செய்தோம். கிரைண்டரில் உரசு தாள் சக்கரம் போட்டுத் தேய்ப்பது வேகமான வேலை, ஆனால் அந்தத் தூள் ஒயிலில் கலந்து பெயரிங்குகளை அரைத்துவிடும். சிலிண்டர்களுக்குள் துணி திணித்து, போல்ட் துளைகளைக் காற்றடித்துக் காய வைத்தோம். இதை யாரும் லேசாக எடுக்க வேண்டாம். துளையின் அடியில் ஒயிலோ தண்ணியோ தேங்கியிருந்தால் போல்ட் இறங்கும்போது அதற்குப் போக வழியில்லை. திரவம் அமுங்காது, புளொக் வெடிக்கும், அல்லது இறுக்கம் பொய்யாகக் காட்டும். போல்ட் மரையில் கொஞ்சம் ஒயில், தலைக்கு அடியில் கொஞ்சம், அவ்வளவுதான். கஸ்கட்டைக் காய்ந்த முகத்தில் அப்படியே வைத்தோம். இரண்டு பக்கமும் சிலிக்கன் பூசினால்தான் பிடிக்கும் என்று சொல்லிப் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். பிதுங்கிய சிலிக்கன் உடைந்து தண்ணி வழியிலும் ஒயில் வழியிலும் போய் அடைக்கும்.

இறுக்குவது நடுவில் இருந்து வெளியே, வட்டமாக, படிப்படியாக. இந்த எஞ்சினுக்கு முடிவு இறுக்கம் 110 நியூட்டன் மீட்டரை ஒட்டி. டொயோட்டா 3எல் என்றால் வேறு முறை: 78 நியூட்டன் மீட்டர், அதன் பிறகு 90 பாகை, திரும்பவும் 90 பாகை. பாகைக் கணக்கு ஏன் என்று கேட்டால், போல்ட் கொஞ்சம் நீண்டு ஸ்பிரிங் போல இழுத்துப் பிடிக்கத்தான். அப்படி நீளும் போல்ட்டுகளில் சிலவற்றைத் திரும்பப் பாவிக்க முடியாது, இடுப்பு மெலிந்திருக்கிறதா என்று அளந்து பாருங்கள். இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரென்ச் இல்லாமல் கைக்கணக்கில் இறுக்குகிற பழக்கத்தை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மாமாவின் கைக்கு அந்தக் கணக்குத் தெரியும், அவரே ரென்ச் இல்லாமல் ஹெட் பூட்டுவதில்லை. சூடாக்கிய பிறகு மறு இறுக்கம் தேவையா என்பதைக் கஸ்கட் பெட்டிக்குள் இருக்கும் தாள் சொல்லும். அதை எறிந்துவிடாதீர்கள்.

நொசில்களுக்குப் புதுச் செப்பு வொஷர் போட்டு, டைமிங் அடையாளங்களை நேர் வைத்து, கிராங்கைக் கையால் முழுதாக இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தோம். எங்காவது முட்டினால் கையிலேயே தெரிந்துவிடும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது முட்டினால் வால்வு போய்விடும். டெப்பட், அதாவது வால்வு இடைவெளி, எஞ்சின் சூட்டில் 0.25 மில்லிமீட்டர். ஒயிலும் ஃபில்டரும் புதிது, ஏனென்றால் ஹெட்டைத் தூக்கும்போது கொஞ்சமாவது கூலண்ட் கீழே இறங்கியிருக்கும்.

தண்ணி ஊற்றுவதில் அவசரம் வேண்டாம். பாதிக்குப் பாதி கூலண்டும் காய்ச்சி வடித்த தண்ணியும். பனி விழாத ஊரில் கூலண்ட் எதற்கு என்று கேட்பார்கள். அதற்குள் இருக்கும் துருத் தடுப்பு மருந்துக்காக. அதோடு அந்தக் கலவை மூடி இல்லாமலே 107 பாகை வரை கொதிக்காது. கெப்பின் மூக்கை மேட்டில் ஏற்றி நிறுத்தி, ஹீட்டர் வால்வைத் திறந்துவிட்டு, மெல்ல ஊற்றினோம். இந்த ஊரில் யாரும் ஹீட்டர் போடுவதில்லை, ஆனால் அந்தக் குழாயில் காற்று தங்கினால் ஹெட்டின் பின்பக்கம் தண்ணி இல்லாமல் காயும். எஞ்சினை ஓட விட்டு, புதிதாகப் போட்ட தேர்மோஸ்டட் திறந்து கீழ் ஹோஸ் சுடும் வரை காத்திருந்து, குமிழி நின்ற பிறகுதான் மூடியைப் போட்டோம். மறுநாள் விடிய ஆறிய எஞ்சினில் ஸ்டார்ட் பண்ணி மேல் ஹோஸைப் பிடித்தேன். பஞ்சாக இருந்தது.

அதன் பிறகு லோட்டோடு லுணுகலை ஏறியாகிவிட்டது. முள் பாதிக்குக் கீழேயே நின்றது, ரிசேர்வ் போத்தலில் கோடு இறங்கவில்லை. இப்போது ஒவ்வொரு அறுவடை முடிவிலும் முன் கிரில்லைக் கழற்றி எஞ்சின் பக்கத்தில் இருந்து ரேடியேட்டரைக் கழுவுகிறேன். பின் சீட்டுக்கு அடியில் ஒரு கான் கலவைக் கூலண்ட் எப்போதும் இருக்கும், அதனால் வழியில் கிணறு தேட வேண்டியதில்லை.

நீலத் திரவச் சோதனைக் குழாய், நேர்விளிம்புக் கோல், ஃபீலர் தகடுகள் மூன்றும் என்னிடம் இருக்கின்றன. களுவாஞ்சிகுடிப் பக்கம் யாருடைய கெப்பாவது தண்ணி குடித்தால், கஸ்கட் வாங்குவதற்கு முன்னால் எழுதுங்கள். விடியற்காலையில், எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் வைத்திருங்கள். நான் வந்து பார்க்கிறேன்.